மாமியின் முன்பக்கம்

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அதை நடத்தியவர் என் மாமி, வாப்பாவின் தங்கை. வெள்ளம் வந்தாலோ அடிபிடி நடந்தாலோ மட்டும்தான் கல்முனைப் பக்கம் மனிதர்கள் இருப்பது கொழும்புப் பத்திரிகைகளுக்கு ஞாபகம் வருகிறது என்று கோபப்பட்டு, நிந்தவூரில் தன் வீட்டு முன்அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு அதைத் தொடங்கினாராம். பரீட்சையில் பாஸான பிள்ளை, மக்காவுக்கு உம்ரா போன தம்பதி, நாவிதன்வெளி வயலுக்கு வராத தண்ணீர் எல்லாமே அதில் வந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் செருப்பைத் தேடுமுன் அதைத்தான் தேடுவார்கள். தன் பெயரை அச்சில் கண்டவர் அன்று முழுக்கச் சற்று நிமிர்ந்தே நடப்பார்.

எனக்கு எட்டு வயதானபோது வாப்பா மீன்பிடிக்கப் போன ஆழ்கடல் படகு திரும்பி வரவில்லை. போட்டின் இஞ்சின் பழுதாகியிருக்கும் என்றார்கள். பிறகு புயல் என்றார்கள். கொழும்புப் பத்திரிகை ஒன்று, மீனவர் சிலரைக் காணவில்லை என்று ஒரு மூலையில் போட்டது.

மாமி அதை வாசித்துவிட்டு, "சிலர் எண்டா ஆரு? பேரில்லாத ஆக்களா?" என்றார்.

அந்த வெள்ளி முன்பக்கம் முழுக்க அவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் படம், பெயர், இரண்டு வரி. வாப்பா எனக்குத் தலை வாரிவிடுவதும், போட்டில் சமைக்கும் பாண்டிருப்பு ஊர் அண்ணன் கோயில் திருவிழாவில் பாடுவதும்கூட இருந்தன. அடுத்த வெள்ளியும் அவர்களே. அதற்கடுத்த வெள்ளியும். பாண்டிருப்பு அண்ணனின் மனைவி வந்து, மாமியின் முன்அறையில் உம்மாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்திரிகையில் இருக்கும்வரை வாப்பாவைக் கடல் ஒன்றும் செய்யாது என்று நான் நம்பினேன்.

கடைசியில் குடும்பத்துப் பெரியவர்கள் வந்தார்கள். "இனி மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகைய முடிச்சிடுவம், மகள். மவுத்தெண்டு பேப்பர்ல போடுங்க. ஒங்கட மதினியும் இத்தா இரிக்கணுமே." உடல் கிடைக்காமலே வாப்பாவை இறந்தவராக்கி, உம்மா விதவையாக வீட்டுக்குள் இருக்க வேண்டுமாம்.

மாமி கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவர் என்ட கூடப்பொறந்த காக்கா. ஆனா தெரியாததை நான் அச்சடிக்க மாட்டன்."

அவ்வளவு பெரிய மனிதர்கள் எழுந்து போனதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பகல் தொலைபேசி வந்தது. அந்தமான் பக்கம் மிதந்த போட்டை ஒரு கப்பல் கண்டிருந்தது. வாப்பா எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். எல்லோரும் வந்தார்கள், பாண்டிருப்பு அண்ணனைத் தவிர.

அந்த வெள்ளி நான் ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்தேன். முன்பக்கம் முழுக்கப் பாண்டிருப்பு அண்ணன். வாப்பாவின் படம் உள்பக்கத்தில், தபால்முத்திரை அளவில். காய்ச்சலில் கிடந்த வாப்பாவுக்குத் தன் பங்குத் தண்ணீரை அந்த அண்ணன் கொடுத்த கதை பெரிய படத்தின் கீழே இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. படங்களை மட்டும் அளந்து பார்த்தேன்.

"வாப்பாட படம் ஏன் மாமி சின்னன்?"

"ஒங்கட வாப்பா வந்திட்டார்தானே, மகள். அவரை ஊரே நேரில பாக்கும்."

வாப்பா அந்த முன்பக்கத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அவர் மடியில் ஏறி, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்:

"அழாதீங்க வாப்பா. அடுத்த கிழமை ஒங்கட படத்தைப் பெரிசாப் போடச் சொல்லுறன்."