கட்டையில் நின்ற கார்

வீரய்யாவைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்றுதான் எழுதப் போகிறேன். தோட்டத்தில் டிரைவரை ‘அவன்’ என்பதுதான் வழக்கம். முப்பது வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். நான் கிளாக்கர், கந்தோரில் எனக்கென்று மேசை நாற்காலி இருந்தது, அந்தத் திமிர். போன வருடம் ஓய்வு பெற்றேன். நாற்காலி போனதும் திமிரும் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். அது போனது வேறொரு காரணத்தால்.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை. என் வீட்டுச் சுவரில் மாட்டிய மாதா படத்துக்கே பூசணம் பிடிக்கும். அந்த ஊரில் ஒரு காரை முப்பது வருடம் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை. எங்கள் பெரிய துரை 1935 கடைசியில் கொழும்பிலிருந்து புது ஹம்பர் ஒன்று வாங்கி வந்தார். கறுப்பு நிறம், உள்ளே தோல் இருக்கை, கதவை மூடினால் சத்தமே வராது. அந்தக் காரோடு வேலைக்குச் சேர்ந்தவர் வீரய்யா. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. இதே மலையில் பிறந்தவர். அவர் பார்த்த கடல் கொழும்புக் காலிமுகத்திடல் கடல் மட்டும்தான்.

துரை அவரிடம் ஒரு தடித்த கொப்பியைக் கொடுத்து மூன்று கோடு போடச் சொன்னார். தேதி, மைல், செய்த வேலை. வீரய்யா தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர். பென்சிலால் குண்டு குண்டாக எழுதுவார். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை எஞ்சின் எண்ணெய் மாற்றம். ஹட்டன் ரோட்டில் வளைவு அதிகம், முன் டயர்களின் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் இரண்டாயிரம் மைலுக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னால், பின் டயரை முன்னால். மாதம் ஒரு தடவை துரை கொப்பியைப் பார்த்துச் சிவப்பு மையில் கிறுக்கிக் கொடுப்பார்.

காரை யாரும் தொட முடியாது. ஒரு நாள் மழைக்குக் கராஜில் ஒதுங்கி, நனைந்த குடையோடு அதன்மேல் சாய்ந்துவிட்டேன். வீரய்யா ஓடி வந்தார். என் குடையை வாங்கி வாசலில் வைத்தார், பிறகு நான் சாய்ந்த இடத்தைத் துடைத்தார், பிறகு நான் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

1942 மார்ச்சில் துரை பட்டாளத்துக்குப் போனார். டயரும் கிடைக்காது, பெட்ரோலும் கிடைக்காது என்ற காலம். போகுமுன் காரைக் கட்டையில் ஏற்றச் சொன்னார். அச்சுக்குக் கீழே நாலு மரக்கட்டை வைத்து, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினார்கள். அவருக்குப் பதில் வந்த துரையிடம் சொந்தமாகச் சின்னக் கார் இருந்தது, ஓட்டவும் அவருக்கே தெரியும். வீரய்யாவுக்கு ஓட்ட வண்டி இல்லை. ஆனால் வேலை இருந்தது.

தினமும் காலையில் நான் கந்தோருக்குப் போகிற வழியில் அவரைப் பார்ப்பேன். கராஜ் கதவைத் திறந்து வைத்து, டயர்களைப் போர்த்திய சாக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் இருபது சுற்று சுற்றுவார். உள்ளே கிரீஸ் ஒரே பக்கம் இறங்கி உறைந்துவிடக் கூடாதாம். கைப்பிடி போட்டு எஞ்சினைத் திருப்புவார். இருக்கையில் பூசணம் துடைப்பார், எலி விரட்டுவார். மூன்று வருடம் ஒன்பது மாதம் இப்படி. நானும் தினமும் பார்த்துவிட்டு, ஓடாத காருக்கு ஒரு உபசாரமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு போவேன்.

கொப்பியில் மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை. கார் ஓடவில்லை, மைல் ஏறவில்லை, எழுத என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. 1945 டிசம்பரில் துரை திரும்பினார். ஹட்டனில் நண்பர் வீட்டில் இறங்கியிருந்தவரை வீரய்யா அதே ஹம்பரில் போய் அழைத்து வந்தார். முந்திய பக்கத்தின் பாதி வெறுமையாகக் கிடக்க, புதுப் பக்கம் திருப்பி எழுதினார்: ‘துரை வந்தாங்க. நாலு டயரும் நல்லா இருக்கு.’

துரை 1950இல் வேலையை விட்டுச் சீமைக்குப் போனார். புதிதாக வந்த துரை பழைய ஹம்பரை விருந்தாளிகளுக்கென்று வைத்துக்கொண்டார், வீரய்யாவையும்தான். அதற்குள் எங்கள் தலைக்கு மேல் வேறு ஒன்று வந்து நின்றது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இந்த இலங்கை நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். 1946க்கு முன்னால், கலியாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். வீரய்யா கலியாணம் செய்தது நாற்பத்தேழில். ஆகவே அவருக்குப் பத்து வருடம். அவருடைய மனுவில்தான் மனைவி சண்முகவடிவும், மகள் நாகலெட்சுமியும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்து ஆட்களுக்குச் செக்ரோல் இருந்தது, வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் அதில் பதிந்திருக்கும். எனக்கும் பதிவு இருந்தது. வீரய்யா துரையின் சொந்த ஆள். அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு வந்த அரிசிகூடத் துரை பங்களாவின் ரேஷன் கூப்பனில் வந்ததுதான். சாட்சிக் கடிதம் கேட்டுச் சீமையிலிருந்த பழைய துரைக்கு எழுதினோம். அவர் இறந்துவிட்டதாக அவருடைய தங்கை பதில் எழுதினாள். மிஞ்சியது அந்தக் கொப்பி ஒன்றுதான்.

1954இல் ஹட்டனுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் அந்த அரைப் பக்க வெறுமை. வீரய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். இந்த நாலு வருடம் ஆள் இந்தியாவுக்குப் போயிருந்தான் என்று ஒரே வரியில் எழுதித் தள்ளிவிடுவார்கள், இதை நிரப்பு என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“வெறும் பக்கத்த அப்படியே விட்டுறலாமுங்க கிளாக்கரய்யா. கேட்டா நடந்தத சொல்றேன்.”

வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்துதான் செல்லும் என்று நான் சட்டம் படித்தவன் மாதிரி அடித்துச் சொன்னேன். பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார் என்றும் சொன்னேன். கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பென்சிலை நான்தான் சீவிக் கொடுத்தேன். நாலு மாதத்துக்கு ஒன்றாகப் பதினொரு பதிவு எழுதினார்: எண்ணெய் மாற்றியது, டயர் முன்பின் மாற்றியது. மைலை என்ன செய்வது என்று கேட்டார். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போடு என்றேன். அது முடியாது, பின்னால் உள்ள மைல் இடிக்கும் என்றார். அப்படியானால் மைலை எழுதாதே என்றேன். மைல் இல்லாமல் எழுதினால் அது சர்வீஸே இல்லை என்றார். கடைசியில் பதினொரு இடத்திலும் ஒரே மைலை எழுதினார். கார் நின்ற மைல், 41,260. செய்யாத வேலையை எழுதிவிட்டார். காரின் மைலில் மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

விசாரணை நாளன்று புதுத் துரை காரையே எடுத்துப் போகச் சொன்னார். வீரய்யா ஓட்டினார். செக்ரோல் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என் மனுவும் அதே அதிகாரியின் மேசையில்தான் இருந்தது. இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதிகாரி சிங்களவர், நடுவயது, மெதுவாகப் பேசுகிறவர். கொப்பியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. தன்னிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது, அதற்கு இப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றார். எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே நின்ற ஹம்பரைப் பார்த்தார். இந்த மழையில் எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். வீரய்யா சிங்களத்திலேயே பதில் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. டயரில் சிக்கிய கல்லை ஒரு ஆணியால் தினமும் நோண்டி எடுப்பதுவரை சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு அதிகாரி அந்தப் பக்கத்துக்கு வந்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். புதுப் பக்கத்தைப் பார்த்தார், 41,282. திரும்ப முன்பக்கம். ஓடாத காருக்கு எதற்குப் பதினொரு தடவை டயர் மாற்றினாய் என்று கேட்டார்.

வீரய்யா ஒரு நிமிடம்கூடச் சமாளிக்கவில்லை. எழுதியது பொய் என்று ஒத்துக்கொண்டு, கட்டையில் நிறுத்தியதையும் தினமும் சக்கரம் சுற்றியதையும் சொன்னார். அதிகாரி கொப்பியை மூடினார்.

“இதை வெறுமையாக விட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன்” என்றார். “நாலு வருடத்தில் இருபத்திரண்டு மைல். கார் நின்றது என்று அதுவே சொல்கிறது. நின்ற கார் பழைய டயரோடு அன்றைக்கே ஓடியிருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லாமல் அது நடக்காது. இப்போது நான் எதை நம்புவது?”

பிறகு இரண்டு கேள்வி கேட்டார். இப்படி எழுதச் சொன்னது யார்? நானாக எழுதியதுதான் மாத்தயா என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார் வீரய்யா. அந்த நாலு வருடம் உன்னைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? வீரய்யா கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் மூன்று அடி தள்ளி நின்றிருந்தேன். ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும், பென்சில் சீவியது யார் என்று வரும், என் மனுவும் போகும். செக்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

பொய் எழுதியதற்கு வழக்குப் போடவில்லை. தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொல்லி அதிகாரி கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் மழை. பாதி தூரத்தில் ஒரு வளைவில் வீரய்யா கியரைக் குறைத்துக்கொண்டே சொன்னார்.

“சக்கரம் சுத்துனதயே எழுதியிருக்கலாமுங்க. அதெல்லாம் ஒரு வேலையான்னு நெனச்சு எழுதாம விட்டுட்டேன்.”

என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு மாதத்தில் அவருடைய மனு தள்ளுபடி ஆனது. அடுத்த வருடம் எனக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. தெரேசா, என் மனைவி, அதற்குக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

தள்ளுபடிக் கடிதம் வந்த மறுநாள் வீரய்யா புதுக் கொப்பி வாங்கினார். மூன்று கோட்டுக்குப் பதில் நாலு கோடு போட்டார். நாலாவது, ‘பாத்தவங்க’. அன்றிலிருந்து தினமும் எழுதுகிறார். டயருக்குக் காற்று அடித்தது, கல் நோண்டியது, ஒன்றும் செய்யாத நாளில் ‘வந்தேன்’ என்று மட்டும். ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் போகிற ஒருவரைக் கூப்பிட்டு நாலாவது கட்டத்தில் கையெழுத்து வாங்குகிறார். கொழுந்துக்குப் போகிற பேச்சியம்மாவின் கைநாட்டு, தோட்டக்கார மாயாண்டியின் கைநாட்டு. பத்து வருடத்தில் ஒன்பது கொப்பி. அதிலெல்லாம் என் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

அறுபத்து மூன்றில் அந்த அளவு டயர் இனி வராது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. இருந்ததையே ரப்பர் ஒட்டி ஓட்டினார், பிறகு அதுவும் முடியவில்லை. ஹம்பர் மறுபடி கட்டையில் ஏறியது. அடுத்த வருடம் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தன. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. நாகலெட்சுமிக்குப் பதினாறு வயது. படித்து டீச்சராக வேண்டும் என்றிருக்கிறாள். எந்த ஊரில் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் கராஜுக்குப் போனேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. சுற்றி முடித்து, கை துடைத்து, ஒன்பது கொப்பியையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இத இப்ப எங்க குடுக்கணுமுங்க?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அன்றைய நாலாவது கட்டம் காலியாக இருந்தது. நான் போடட்டுமா என்று கேட்டேன். கொப்பியை மெதுவாக மூடினார்.

“ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்ட அன்று நான் வாயைத் திறக்கவில்லை. என்றாலும் இது அந்த அரைப் பக்கத்தோடு சேர வேண்டியது. 1942 மார்ச் முதல் 1945 டிசம்பர் வரை, வட்டவளைக்கு மேலே, கட்டையில் நின்ற காரின் நாலு சக்கரத்தையும் வீரய்யா தினமும் கையால் சுற்றினார். ஒரு நாளும் எங்கும் போகவில்லை.

பார்த்தவர்: கஸ்பர், கிளாக்கர்.