சாமி எடுத்துக்கொண்ட பச்சை

"பாசார் குப்பையெல்லாம் நம்ம அடுப்புலதான் வேகுது" என்று அம்மா அலுத்துக்கொண்ட வருடம் அது. ஜுருவில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்து அவரை அனுப்பிவிட்டது. அவரோ ஆயர் ஈத்தாம் சந்தையில் கழித்துப் போட்ட கீரையையும் பாண்டான் இலையையும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தார். வெந்நீரில் முக்கி, உலர்த்தி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் இலையின் பச்சை மட்டும் தனியே வந்துவிடும். பத்து காவான் என்ற ஊரில் ஒரு சோப்புத் தொழிற்சாலை அந்தச் சாயத்துக்கு மாதிரி கேட்டிருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்குவார்கள்.

ஆறு போத்தல் தேறியது. ஒவ்வொன்றையும் கறுப்புத் தாளில் சுற்றி அலமாரிக்குள் வைத்த அப்பா, "யாரும் தொறக்காதீங்கலா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. எட்டு வயதுக்காரியிடம் யார் காரணம் சொல்வார்கள்?

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி முன் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எடுப்போம். அன்று வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். சன்னலோரச் சாமி மேடையில் ஆறு போத்தல்களையும் வரிசையாக வைத்தேன். தாளோடு வைத்தால் சாமிக்கு என்ன தெரியும்? உருவிவிட்டேன். காலை வெயில் பட்டு மேடையே பச்சையாக மின்னியது. மத்தியானம் திரும்பச் சுற்றும்போது நிறம் வெளுத்திருந்தது. சாமி தன் பங்கை எடுத்துக்கொண்டதென்று பூரித்துப்போனேன்.

மறுநாள் பத்து காவானிலிருந்து திரும்பிய அப்பாவின் முகம் செத்திருந்தது. போத்தல்களை ஒவ்வொன்றாகக் கழிவறையில் கொட்டினார். உள்ளே இருந்தது பழுப்புத் தண்ணீர்.

"இன்னொரு தடவ செஞ்சு குடுங்களேன்" என்றாள் அம்மா.

"நெறம் நிக்கலலா. என் கையிலதான் கோளாறு."

அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

இலைச் சாயத்தை வெயில் தின்றுவிடும் என்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் தெரிந்துகொண்டபோது அப்பா உயிரோடு இல்லை. தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இதை இனி யாரிடம் சொல்லி ஆற்றுவது?

போத்தல்களைக் கொட்டியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் கும்பிட்டேன், அப்பாவுக்கு ஒரு வேலை கொடு என்று. வேலை கிடைத்தது. அவரை அனுப்பிய அதே தொழிற்சாலையின் வாசலில், காவலாளியாக. சீருடையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாமி ஒருவழியாகக் கேட்டுவிட்டதென்று நான் மாடி முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். புதுச் சீருடை ஆயிற்றே, அதை அவர் மடியிலிருந்து எடுத்துப் போய்ச் சாமி முன் வைத்தேன்.