நம்ம ஊர் மணல்

மலாய் நாட்டு ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைத் திருதிருவென்று விழிக்க வைத்த கேள்வி ஒன்று உண்டு. பக்கத்துக் குனோங் ராபாட்டில் ஒரு மளிகைக் கடையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்ட கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க ஊரா?" என்றார். எந்த ஊர் என்று கேட்டிருந்தால் மணவாளக்குறிச்சி என்று சொல்லியிருப்பேன். நீங்க ஊரா என்றால் என்ன சொல்வது? மனிதன் எப்படி ஊராக முடியும்? நான் முழிப்பதைப் பார்த்து அவரே, "ஊருலேர்ந்து வந்தவங்கதானேண்ணே? இந்த வெங்காயமும் ஊருதான் லா" என்று, இங்குள்ளவர்கள் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வோடு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். பிறகுதான் விளங்கியது. இங்குள்ள தமிழர்களுக்கு ஊர் என்றால் இந்தியா. வெங்காயம், புடவை, ஊதுபத்தி, நான் எல்லாமே ஊரிலிருந்து வந்தவை. எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் அடுத்த தெருக்காரனையே அயலூரான் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே காஷ்மீர்க்காரனும் நானும் ஒரே ஊர். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து என்ன செய்தது என்பதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் வேலைக்கு வந்தது வெள்ளீயச் சுரங்கங்களின் மணலைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு. எழுபதுகளின் கடைசி அது. ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலை இங்கே அமாங் என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அது அமாங்தான். முதல் நாள் ஒரு தட்டில் அதைக் கொட்டி என் முன்னால் வைத்தபோது ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எங்கள் கடற்கரையைத் தட்டில் வைத்தது போல இருந்தது. அதே கறுப்பு, அதே கனம், உள்ளங்கையில் வைத்தால் அதே குளிர்ச்சி. சோதித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் அதே கூட்டம்தான்: கறுப்பான இல்மனைட், தேன் நிற மோனசைட், கண்ணாடி போன்ற சிர்கான். கடல் தாண்டி வந்தும் விதி என்னைக் கருமணலிலேயே கட்டிப் போட்டதே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து சேர்ந்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அது ஒளியால் பார்ப்பதில்லை, எலக்ட்ரான் கற்றையால் தடவிப் பார்க்கிறது. பார்வையற்றவர் விரலால் முகத்தைத் தடவி அறிவது போல மணலின் மேடு பள்ளமெல்லாம் வரி வரியாகப் பச்சைத் திரையில் எழுந்து வரும். குன்றுகள், வெடிப்புகள், படிக்கட்டுகள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றிவிட்டது. அவர் கருமணல் சுமந்தவர். அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கறுப்புப் படலத்தை வழித்துக் கூடையில் அள்ளி, மணல் பிரிக்கும் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். மாலையில் அவர் வேட்டியை உதறினால் முற்றம் மினுங்கும். அம்மா எவ்வளவு அலசினாலும் சோற்றில் ஒரு மணலாவது கடிபடும். "கப்பல் கப்பலா ஏத்திட்டுப் போறானுவ. இதுல அப்படி என்னத்தக் கண்டானுவ மக்கா?" என்று என்னிடம் கேட்பார். நான் இந்தப் படிப்பை எடுத்ததே அந்தக் கேள்வியால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவருக்குப் புரியும்படி ஒரு பதிலும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லவே வேண்டாம், காட்டிவிடலாம். அந்த நேரம் பார்த்துத் தங்கை கமலாவின் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண்ணில் நோய், ஓரப் பார்வை போய்விட்டது, மீதியும் சுருங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிவிட்டாராம். பார்வை இருக்கும்போதே அவர் தன் மணலைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

எங்கள் கரை மணல் என்னிடம் இருந்தது. புறப்படும்போது அம்மா ஒரு தைலக் குப்பியில் நிரப்பி, மூடியின் மேல் துணி சுற்றி, நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. அதை ஆய்வுக்கூட அலமாரியில் மற்ற மணல் குப்பிகளோடு வைத்திருந்தேன். மணலை மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்பவர் லெட்சுமி. சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி குனோங் ராபாட்டுக்கு வந்தவர். சட்டைப் பொத்தான் அளவு அலுமினியத் துண்டில் மணலை ஒட்டி, அதன் மேல் தங்கத்தை ஆவியைவிட மெல்லிசாகப் படிய வைக்க வேண்டும். தங்கம் பூசாவிட்டால் மின்சாரம் தேங்கி மணல் கண் கூச வெளுத்துவிடும், உருவம் நிலைக்காது. "கல்யாணப் பொண்ணு மாதிரிண்ணே, நகை போட்டாத்தான் படத்துக்கு நிப்பாங்க" என்பார் லெட்சுமி. நான் ஒரு சுரங்கத்துக்குப் புறப்படும் அவசரத்தில், "நம்ம ஊர் மணலுக்குத் தங்கம் பூசி வையுங்க லெட்சுமி, வந்து படம் எடுக்கணும்" என்றேன். "சரிண்ணே" என்றார். திரும்பி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. திரையில் ஒரு மணலைத் தேர்ந்தெடுத்தேன். எடுப்பான உடம்பு, கத்தி போன்ற விளிம்பு, ஒரு மூலையில் கூர்முனை, பக்கவாட்டில் படிக்கட்டு. இத்தனை அழகா எங்கள் மணல் என்று உருகிப்போனேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தக் குஞ்சுக்கோ தங்கமே பூசியிருந்தது. அப்பாவுக்கு அனுப்பப்போகிறேன் என்று லெட்சுமியிடம் சொல்லிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அன்றே தபாலில் சேர்த்தேன்.

படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா சொல்லச் சொல்லக் கமலா எழுதியிருந்தாள். அப்பா வெளிச்சத்துக்காகப் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பார்த்தாராம். கூட வேலை செய்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்றாம். நான் குதிக்காத குறை. லெட்சுமியிடமும் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று அலமாரியிலிருந்து குப்பியை எடுத்தேன். அம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நூல்கூட அசையவில்லை.

"லெட்சுமி, அன்னைக்கு எந்த மணலுக்குத் தங்கம் பூசினீங்க?"

"நீங்க சொன்னதுதாண்ணே. எங்க வீட்டுப் பக்கத்து அமாங்."

"நான் நம்ம ஊர் மணல்னுதானே சொன்னேன்?"

"ஆமா, நம்ம ஊருதான். குனோங் ராபாட்."

"ஊருன்னா இந்தியான்னு நீங்கதானே எல்லாரும் சொல்றீங்க?"

"ஊருன்னா இந்தியா. நம்ம ஊருன்னா நம்ம ஊருதான் லா." சொல்லிவிட்டு என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயோ, அப்பாவுக்கு அனுப்பினது அதாண்ணே?"

அவர் மேல் என்ன கோபப்படுவது? கூடப் பிறந்தவர்போல் பழகுகிறவரிடம் 'எங்க ஊர்' என்று பிரித்துச் சொல்ல வாய் வராமல் 'நம்ம' என்று சேர்த்துச் சொன்னது நான். அவரும் சேர்த்தே கேட்டுக்கொண்டார். முடிச்சை அவிழ்த்து, எங்கள் கரை மணலுக்கு அவர் கையாலேயே தங்கம் பூசச் சொன்னேன். திரையில் வந்தது வேறு பிறவி. எந்த மணலிலும் விளிம்பில்லை, முனையில்லை. காலகாலமாக அலை புரட்டி உருட்டி உருண்டையாக்கி, உடம்பெல்லாம் சின்னச் சின்ன அடித் தழும்பு. அப்பாவின் கையைப் போல இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். படம் எடுத்து உறையில் போட்டு முகவரி எழுதிக்கொண்டிருந்த வாரமே கமலாவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. அப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறதாம்.

உறையைப் பிரித்தேன். படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் லெட்சுமி தயங்கித் தயங்கி, "நான் எடுத்துக்கவாண்ணே?" என்றார். "எங்க தாத்தா திருச்சி பக்கம்னு சொல்வாங்க. கிராமத்துப் பேரு எங்க அப்பாவுக்கே தெரியாது. ஊருலேர்ந்து ஒண்ணுமே எங்க வீட்டுல இல்ல." திருச்சிக்கும் என் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தீபாவளிக்குப் போனபோது அது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, "இது என்னா லெட்சுமி, நிலாவா?" என்றார். "இல்லக்கா, ஊரு" என்றார் லெட்சுமி.

மறு வருடம் விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லிவிடுவதா வேண்டாமா என்று கப்பல் முழுக்கக் குழம்பியதுதான் மிச்சம். அப்பா என் குரல் வந்த பக்கம் கையை நீட்டி, என்னைப் பிடித்துச் சுவரருகே அழைத்துப் போனார். படத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கண்ணாடியின் மேல் விரலை ஊன்றி அவர் சொல்ல ஆரம்பித்தார். "இந்தா, இஞ்ச ஒரு படிக்கட்டு. இதுக்கு மேல வெட்டு. இந்த மூலையில பாரு, ஊசி கணக்கா ஒரு முனை." ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் போவதற்குள் அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "இவ்வளவு நாளு சொமந்தேன், இப்பிடி அழகுன்னு எனக்குத் தெரியாது, கேட்டியா. நம்ம ஊராக்கும் இது. இல்லியா மக்கா?"

வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அப்பாவின் விரல் குனோங் ராபாட்டின் கூர்முனை மேல் நின்றிருந்தது.

"ஆமாப்பா," என்றேன். "நம்ம ஊருதான்."