வாயில் முட்டை சுமந்த கெளுத்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் எழுதிய ஒற்றை வரி, குற்றமற்ற ஒருவரின் வேலையைப் பறிக்க இருந்தது. படித்தவன் தவறு எப்போதும் முறையான தருக்கத்தின் உடையிலேயே வருகிறது என்பதை நான் கற்ற நிகழ்ச்சி அது. ஆகவே அதை மறைக்காமல் எழுதிவைப்பது என் கடமை.

நான் அந்நாளில் இராயபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் விரிவுரையாளன். மக்கள் கொசத்தலை என்றழைக்கும் கொற்றலையாற்றில் வாழும் கெளுத்தி எதை உண்கிறது என்பது என் ஆய்வு. வாரந்தோறும் ஆற்றிலிருந்து மீன்களைக் கொணர்ந்து, குப்பிக்கு ஒன்றாகப் பார்மலினில் இட்டுவைப்பவர் எங்கள் ஆய்வுக்கூட ஏவலர். எண்ணூர்க் குப்பத்தவர், என் வயதினர். அவருடைய தகுதிகாண் காலம் அம்மாதத்தோடு முடிய இருந்தது. ஆய்வுப் பதிவேட்டைப் பார்த்தே துறைத்தலைவர் அவரைப் பணியில் நிலைப்படுத்துவார்.

ஒருநாள் ஒரு குப்பியைத் திறந்தேன். மீனின் வாய் நிறையக் கோலிக்குண்டளவு முட்டைகள். வயிற்றைக் கீறினேன், ஆண்மீன். இரைப்பையோ வெறுமை. ஈன்றிருந்தால் அது பெண்ணாக இருக்கவேண்டும்; விழுங்கியிருந்தால் இரைப்பையில் ஒன்றேனும் இருக்கவேண்டும். இரண்டும் இல்லை. எனவே வேறொரு மீனின் முட்டைகள் இக்குப்பியில் கலந்துவிட்டன என்று முடிவுகட்டி, “ஏவலரின் கவனக்குறைவு” என்று பதிவேட்டில் எழுதினேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் சுருங்கிற்று. “நான் கலக்கல சார். ஆம்பள மீனுதான் முட்டைய வாயில வச்சிக்கினு கீது. குஞ்சு வெளிய வர்ற வரிக்கும் அது ஒண்ணியும் துன்னாது.”

நான் நகைத்தேன். அவர் நகைக்கவில்லை. “பெரிய சாரு இந்த நோட்டப் பாக்கறதுக்கு முன்ன ஒரு தபா ஆத்தாண்ட வாங்க சார். அப்பால இன்னா வேணா எழுதிக்குங்க.”

ஞாயிறு காலை சென்றேன். தோணி அவர் மைத்துனருடையது. கழியை ஊன்றியபடியே அம்மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா மச்சான், மீனு வந்து சாருக்குச் சாட்சி சொன்னாத்தான் உன் வேல நிக்குமா? நல்லா கீதுபா உங்க காலேஜு!”

முதல் வலையில் ஏறிய கெளுத்திகள் ஒன்றன்மேலொன்று துள்ளிய வேகத்தில் முட்டைகள் சிதறின. அவை தோணியின் அடித்தளத்தில் உருண்டன. எந்த மீனிலிருந்து விழுந்தவை என்று எவரால் கூறமுடியும்? என் ஐயம் வலுத்தது. ஏவலரோ அடுத்த முறை வலை நீரைவிட்டு எழுமுன்னரே குனிந்து, முள்ளுக்குத் தப்பி ஈரத்துணியால் ஒரு மீனின் தாடையை இறுகப் பற்றித் தூக்கி, என் கைக்குழிமேல் பிடித்து மெல்லத் திறந்தார். முட்டைகள் ஒவ்வொன்றாக என் கையில் விழுந்தன. ஒன்றினுள் இரு கருங்கண்கள். மற்றொன்றிலிருந்து பாதி வெளிவந்த குஞ்சு, வயிற்றில் மஞ்சட்கருவைச் சுமந்தபடி என் விரலிடையே வாலடித்துத் துடித்தது.

அம்மீனை அங்கேயே கீறினேன். ஆண். குடல் உலர்ந்த நூல்போல் ஒட்டிக்கிடந்தது. அன்று பார்த்த பெண்மீன்களின் வயிறுகளிலோ இறாலும் புழுவும் சேறும். தந்தை பட்டினி கிடக்க, தாய் இரை தேடுகிறாள். முதற்குப்பி மீனின் வெறும் இரைப்பை என் கண்முன்னேயே இருந்தது. அதைச் சான்றாக அல்லாமல் ஏவலரின் குற்றமாகப் படித்தவன் நான்.

மறுநாள் அவ்வரியை அடிக்க எழுதுகோலை எடுத்தேன். அவர் தடுத்தார். “சும்மா அடிச்சீங்கன்னா, எதுனா குடுத்து சமாளிச்சிட்டான்னு நெனைப்பாங்க சார். தப்பு யாருதுன்னு எழுதுங்க.” எழுதினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, ஏவலருக்கான பணி உறுதித்தாளில் கையொப்பமிட்டார்.

ஆண்மீன் எத்தனை நாள் இவ்வாறு நோன்பிருக்கிறது என்று பின்னர் ஏவலரைக் கேட்டேன். “நீங்களே தண்ணிக்குள்ள குந்தி எண்ணிப் பாருங்க சார். நான் ஒரு கணக்கு சொன்னா, அதுக்கும் ஒரு வரி எழுதிடுவீங்க” என்று சிரித்தார். இன்றுவரை அந்நாட்களின் எண்ணிக்கையை நான் அறியேன். ஆற்றோடு வாழ்ந்தோர் அறிந்திருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். இக்குறிப்பில் வேறு பிழை காணினும் தயங்காது திருத்துக; அது என்னுடையது.