ஓடைக்கரையில் கட்டிய கேமரா

எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சீகை மரங்களை வெட்டிவிட்டு, வனத்துறைக்காக பெண்கள் நாங்கள் இந்த மலைக்கே உரிய சோலைமரக் கன்றுகள் நட்டோம். நான் நட்ட நாவல் கன்றை ஒருநாள் ஒரு காட்டுமாடு அக்கரையில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்ற தைரியத்தில் இக்கரையிலிருந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எந்த மிருகம் தண்ணீருக்கு வருகிறது என்று பார்க்க மரத்தில் கேமரா கட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதில் பதிந்த படம் காட்டப்போகிறோம், எல்லோரும் வாங்க என்றார்கள் வனத்துறைக்காரர்கள். நான் திட்டிய சத்தமும் வருமோ என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே நான் கூசுகிறவள்.

திரையில் கடமான் வந்தது, மரநாய் வந்தது, அப்புறம் கையை நீட்டிக்கொண்டு நான் வந்தேன். எதிரே மாடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நல்லவேளை, சத்தம் இல்லை.

"என்னம்மா சொன்னீங்க அதுகிட்ட?" என்று கேட்டார் ரேஞ்சர். நான் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "நான் சொல்றனுங்க சார். தெனமும் ஊட்ல கேக்கறதுதானுங்க."

கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் திறந்தேன்.