ரோஸ்லி அக்காவின் வற்றல் கறி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லி அக்காவின் சாவு வீட்டில் அதிகம் கண்ணீர் விட்டவன் நான்தான் என்று ஊரில் பேச்சு. செய்தி போனில் வந்தபோது, அக்காவின் முறைப்படி நானே வைத்த மீன்கறியை ஒரு வாய் போட்டுவிட்டு, மூக்கு ஒழுக சீனி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கறி ரத்தச் சிவப்பு. எங்கோ பிசகியிருந்தது. அந்தக் கோலத்திலேயே ஓடினேன். மிளகாய் பிடித்த கையால் கண்ணைத் துடைத்ததில், அடக்கம் முடியும்வரை அழுகை நிற்கவில்லை.

வளைகுடா ஓட்டல் அடுப்புகளில் நின்று திரும்பியவர் அக்கா. மிளகாய் வற்றலின் விதையை உதறி, வெந்நீரில் ஊறவைத்து, மையாய் அரைத்து, மல்துணியில் வடிப்பார். விதையைத் தேங்காயெண்ணெயில் சிறுதீயில் காயவிட்டு, எண்ணெயை மட்டும் எடுப்பார். "எரிச்சல் நாக்கோட போவும் மக்கா. காரம் தொண்டை தாண்டி எறங்கணும்" என்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. அந்தக் கறி என்னை ஒருநாளும் அழவைத்ததில்லை. அதுதான் கைப்பக்குவம் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றியிருக்கிறேன்.

அவர் வேலை பார்த்த கடற்கரை விடுதியின் மேலாளர் ஒருநாள், "வெளிநாட்டுக்காரங்க தாங்க மாட்டாங்க. தேங்காய்ப்பால் ஊத்துங்க" என்றார்.

"எனக்க கறியில பால் விடணும்னா நீரு அடுப்புல நில்லும். நான் ஒமக்க கசேரையில இருக்கேன்" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து அவருக்கு வெள்ளரிக்காய் நறுக்கும் வேலை. சாகும்வரை அதுதான்.

இப்போது அதே விடுதி வாசலில் மாலை போட்ட அவர் படம். கீழே, 'ரோஸ்லி அக்கா ஸ்பெஷல் மீன்கறி'. உயிரோடு இருந்தவரை அடுப்பை அண்டவிடாதவர்கள் செத்த முகத்தை விற்கிறார்கள். போய் உட்கார்ந்து கறி கேட்டேன். வந்தது ரத்தச் சிவப்பு. ஒரு வாயில் காது அடைத்தது.

மேலாளரைக் கூப்பிட்டேன். "பாக்கெட் பொடியைக் கொட்டிட்டு அக்கா பேரைப் போடுவீரோ? அவ எனக்கு விட்டுட்டுப் போனது இந்த நாக்கு ஓய். இதை ஏமாத்த முடியாது" என்று கத்தினேன். சாப்பிட்டவர்கள் கையை நிறுத்தினார்கள்.

அடுக்களையிலிருந்து அக்காவின் மகள் ஜெனி வந்தாள். ஊர்வம்பு அத்தனையும் அறிந்த எனக்கு, இப்போது அங்கே சமைப்பவள் அவள் என்பது மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"மாமா, சத்தம் போடாதிங்க. பால் விடமாட்டேன்னு சொல்லித்தான் வேலைக்கே வந்தேன். அம்மை வச்ச கறி இதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க தட்டுல மட்டும் ரெண்டு கரண்டி தேங்காப்பால் விட்டுத் தருவா. மாமாவுக்குத் தெரியாண்டாம்னு சொல்லுவா."