நாலணாக் கழிவும் எங்கள் அக்காவின் கல்யாணமும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள், ‘பொறுமையின் இருப்பிடம், சாந்தத்தின் உருவம்’ என்று நான் எழுதியிருப்பேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. காய்கறிக்காரர் முதல் பங்குச் சாமியார் வரை யார் கணக்கைத் தவறாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். அவரோடு கடைக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அதே குணம் ஒருமுறை அவருடைய கல்யாணத்தையே நிறுத்திவிட்டது. அதைத்தான், அக்காவின் கணவரான எங்கள் மாமாவின் முழுச் சம்மதத்தோடு, இங்கே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காவேரிப்பட்டினத்தில். அப்பா லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டே பெண்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய ஆண்டில் அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று அம்மாவைக் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. அக்கா டைப்ரைட்டிங் படித்துத் தேறி, ஓசூரில் ஒரு சிறிய கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவும் அவரோடு போய் ஒற்றை அறை வீட்டில் குடியேறினார். என்னைச் சேலத்தில் கன்னியர் நடத்திய விடுதியில் சேர்த்தார்கள். என் படிப்பு முழுவதும் அக்காவின் சம்பளம்தான்.

அது அறுபதுகளின் கடைசி. இன்றைக்கு இருக்கும் பெரிய ஆலைகள் எதுவும் அப்போது ஓசூரில் இல்லை. கிணறுகளுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். அக்காவின் கம்பெனி பம்புசெட்டுக்கு வேண்டிய ஃபுட்வால்வும் குழாய்ச் சாமான்களும் செய்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்பியது. விலைப்பட்டியலில் நூறு ரூபாய் போட்ட சரக்குக்குக் கடைக்காரருக்கு வியாபாரக் கழிவு இருபது சதவீதம். மீதி எண்பது. பில் தேதியிலிருந்து பத்து நாளைக்குள் பணம் கட்டினால் ரொக்கக் கழிவு ஐந்து சதவீதம் உண்டு. இந்த ஐந்தை நூற்றில் பார்க்கக் கூடாது, மீதியிருக்கும் எண்பதில்தான் பார்க்க வேண்டும். அது நான்கு ரூபாய். ஆக, கட்ட வேண்டியது எழுபத்தாறு. இருபதையும் ஐந்தையும் கூட்டி மொத்தமாகக் கழித்தால் எழுபத்தைந்துதான் வரும், ஒரு ரூபாய் உதைக்கும். எல்லாத் தொல்லையும் அந்த ஒரு ரூபாயில்தான் தொடங்கியது.

மாமா அதே கம்பெனியின் விற்பனையாளர். கிருஷ்ணகிரிக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாய் ஓயாது. அக்காவைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, முறையாகப் பெண் கேட்டு, நிச்சயமாகி, கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. எங்கள் வழக்கம் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லச் சொல்வார்கள். தடை மணப்பெண்ணின் மேசையிலிருந்தே வரும் என்று சாமியார்கூட நினைத்திருக்க மாட்டார்.

அணா போய் பைசா வந்து வருடங்கள் ஆகியும் சந்தையில் பேச்சு அணாவில்தான் நடந்தது. இருபத்தைந்து சதவீதம் என்றால் ரூபாய்க்கு நாலணா, எல்லோருக்கும் சட்டென்று புரியும். அக்கா கம்பெனியின் இரண்டு கழிவும் சேர்ந்து வரும் இருபத்துநாலுக்கு அணாவில் பெயரே இல்லை. போதாக்குறைக்கு, பெங்களூர் வியாபாரிகள் வேறு எல்லை தாண்டி வந்து நாலணாக் கழிவு தருவதாகச் சொல்லிச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா குந்தாரப்பள்ளி சந்தையில் நின்று, “பத்து நாள்ல பணம் கட்டுங்க, நம்மகிட்டயும் ரூபாய்க்கு நாலணா கழிவு” என்று சொல்லி ஆர்டர் பிடித்தார். தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்தேதான் சொன்னார்.

ஓலை வாசித்த அதே வாரம் குந்தாரப்பள்ளிக் கடைக்காரர் ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் எழுபத்தைந்து வீதம் பணம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நூற்றுக்கு ஒரு ரூபாய் பாக்கி என்று அக்கா கையெழுத்துப் போட்ட சீட்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் போயிருக்கிறது. பாக்கி தீராமல் சரக்கு இல்லை என்று முதலாளி நிறுத்தியும் விட்டார்.

“ஏம்மா, நீதான் பில்லு போடற பொண்ணா? நாலணா கழிவுன்னு சொல்லித்தான சரக்கு எறக்கனீங்க. நூத்துக்கு ஒரு ரூபா யாரு துன்றது? சந்தையில எல்லாம் உன்னத்தான் சொல்றாங்க.”

யார் கணக்குத் தவறினாலும் பாய்ந்து திருத்துகிற அக்கா அன்றைக்குப் பாயவில்லை. “நாலணான்னு யாருங்க சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் மாமாவின் பெயரைச் சொன்னார். அவர்தான் மாப்பிள்ளை என்று பாவம் அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் மாமா அக்காவைத் தனியாகப் பார்த்துப் பேசினார். நான் அப்போது விடுதியில் இருந்தேன். அன்று பேசியதை மாமாதான் பின்னாளில் எனக்குச் சொன்னார்.

“இந்த ஒருவாட்டி அந்த ஒரு ரூபாய தள்ளுபடின்னு எழுதிடுங்க. மொதலாளி அதெல்லாம் பாக்கமாட்டாரு.”

“எழுதனா கம்பெனிக்கு நஷ்டம். எழுதலன்னா கடைக்காரருக்கு நஷ்டம். நீங்க உட்ட வார்த்தைக்கு அவங்க ஏன் அழுவணும்?”

“அப்ப நான் இன்னா பண்ணணுங்கறீங்க?”

“நீங்களே போயி மொதலாளிகிட்ட சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

மாமா சொல்லவில்லை. பயம். அவர் போவார், போவார் என்று அக்கா மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு தானே எழுந்து முதலாளி அறைக்குப் போனார். அந்த வேலை போனால் வீட்டு வாடகையும் என் விடுதிக் கட்டணமும் போச்சு. ஓலை வாசித்த கல்யாணம் நின்றால் ஊர் பெண்ணைத்தான் பேசும். அத்தனையும் தெரிந்துதான் போனார்.

முதலாளி பெங்களூர்க்காரர். அவர் தமிழில் கன்னடம் எட்டிப் பார்க்கும். “நோடம்மா, நீ போட்ட பில்லு சரியா இல்லியா?” என்று கேட்டார்.

“பில்லு சரிங்க சார். ஆனா நம்ம ஆளு நாலணான்னு சொல்லித்தான் சரக்கு குடுத்திருக்காரு. அந்தப் பாக்கிய கடைக்காரங்ககிட்ட கேக்கறது நியாயமில்லீங்க.”

“யாரு? உன்ன கட்டிக்கப் போறவனா?”

“ஆமாங்க சார்.”

முதலாளி பாக்கிக் கணக்கை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு, பழைய பாக்கி முழுவதையும் மாமாவின் கமிஷனில் பிடிக்கச் சொன்னார். கடைகளுக்குச் சரக்கு மறுபடி போனது. இனிமேல் எழுபத்தாறுதான், நாலணா என்று சொன்னது தப்பு என்று மாமாவே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வேலை நிலைக்கும் என்றும் உத்தரவு போட்டார்.

மாமாவின் தாயார் கொதித்துப்போனார். “கட்டிக்கப் போறவனையே காட்டிக் குடுத்தவ, நாளைக்கு மாமியார உட்டுவெப்பாளா?” என்று சாமியாரிடம் போய் இரண்டாம் ஓலையை நிறுத்திவிட்டார். எங்கள் அம்மா அழுது தீர்த்தார். “நீ கொஞ்சம் வாய மூடிக்கினு இருந்தா இன்னாடி?” என்று அக்காவைக் கேட்டார். கல்யாணம் நின்றதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். அவருக்கு மாமாவை ரொம்பப் பிடித்திருந்தது. அந்த நாட்களில் எனக்கு எழுதிய கடிதங்களில் மாமாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்தது.

ஒரு மாதத்துக்குமேல் கழித்து, ஒருநாள் மாமா தானாகவே வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் புழுதி.

“அம்மாகிட்ட பேசிட்டேன். ஒத்துக்கினாங்க. உங்களுக்கு இன்னும் இஷ்டமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கடைக்கெல்லாம் போயி சொல்லிட்டீங்களா?”

“எல்லாம் ஆச்சு. சிங்காரப்பேட்டை ஒண்ணுதான் பாக்கி.”

“அதையும் சொல்லிட்டு வாங்க.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய் பஸ் ஏறினார். மறுநாள் வந்து, “சொல்லிட்டேன்” என்றார். அக்கா உள்ளே போய் காபி போட்டு எடுத்து வந்தார். அக்காவின் காபி எப்படி இருக்கும் என்று அவர் வீட்டுக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை முழுவதும் குடித்து முடித்த ஒரே மனிதர் என்று மாமாவை நான் இன்றும் கேலி செய்வேன். ஓலை மறுபடி முதலிலிருந்து வாசிக்கப்பட்டது. அந்தக் குந்தாரப்பள்ளிக் கடைக்காரரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

அதன்பின் அக்கா ஓய்வு பெறும்வரை அந்த ஓசூரிலேயே வேலை பார்த்தார். இரண்டு மகன்களை வளர்த்தார், என்னைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டார். காட்டிக்கொடுத்தவள் என்று திட்டிய மாமியார், படுக்கையில் விழுந்தபோது தன் நகைகளை வேறு யாரிடமும் தராமல் அக்காவிடம்தான் தந்து வைத்தார். சிறுநீரகக் கோளாறு வந்து இரண்டு ஆண்டுகள் அக்கா மிகவும் கஷ்டப்பட்டார். அப்போதும் ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வாங்கி ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் தலையணையில் சாயமாட்டார்.

அந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களையும் செவிலியரையும், நேரம் காலம் பார்க்காமல் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பியையும், சாப்பாடு கொடுத்தனுப்பிய, எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்களையும், தினமும் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தையையும் எங்கள் குடும்பம் மறக்காது. இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கைகூப்புகிறோம்.

வேறு யாருக்காவது நன்றி சொல்ல விட்டுப்போயிற்றா என்று மாமாவைக் கேட்டேன். அவர் அக்காவின் படத்துப் பக்கம் திரும்பினார்.

“உங்கக்கா அன்னிக்கு வாய மூடிக்கினு இருந்திருந்தா எனக்கு ஒரு கெட்ட பேரும் வந்திருக்காது. நல்ல பேரோடவே கெட்டுப் போயிருப்பேன். அவளுக்குச் சொல்லும்மா.”

சொல்லிவிட்டேன், அக்கா.